தபால்காரர் விழுந்த இடம்

கயிற்றுத் தெருவில் ஒரு சங்கதி யாராவது ஒருவருக்குத் தெரியாமல் இருக்கிறதென்றால், அந்த ஒருவர் அந்தச் சங்கதிக்குச் சொந்தக்காரராகத்தான் இருப்பார். மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எங்கள் தெருவின் பழக்கம் அது. எண்பது வருடமாகத் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, போன வசந்தம் வரைக்கும்.

நான் இருபதாம் எண் வீட்டில் இருக்கிறேன். முன் ஜன்னலுக்கு வெளியே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு கண்ணாடி பொருத்தியிருக்கும். நான் பொருத்தியதில்லை, வீட்டோடு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெருவின் இரண்டு கோடியும் தெரியும். இருக்கிற கண்ணாடியைப் பார்க்காமல் இருப்பது வீட்டைக் கட்டியவருக்குச் செய்கிற அவமரியாதை என்பது என் கட்சி.

பிப்ரவரி மாதம் இன்டர்நெட் கேபிள் போடும் ஆட்கள் வந்தார்கள். ஒற்றைப்படை எண் வீடுகள் மட்டும் இருக்கிற எதிர்வரிசை நடைபாதையை நீளத்துக்குப் பெயர்த்து, செங்கல்லை எல்லாம் குவித்து வைத்து, கேபிளைப் புதைத்து, மறுபடி மணலைக் கொட்டி அடுக்கினார்கள். பதினேழாம் எண் வீட்டு வாசலில் பதித்திருந்த, பித்தளைத் தகடு போர்த்திய நினைவுக்கல்லும் அந்தக் குவியலில் போனது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அடுக்கி முடித்தபோது அந்தக் கல் மட்டும் மிச்சம். இருபத்து மூன்றாம் எண் வாசலில் அதே அளவுக்கு ஒரு ஓட்டை. மழை வேறு, சாப்பாட்டு நேரம் வேறு. வைத்தார்கள், ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு, கைபேசியில் ஒரு படம், வண்டியேறிப் போய்விட்டார்கள். மூன்று வீடு தள்ளி வைத்ததில் என்ன குடிமுழுகிவிடும் என்று அவர்கள் நினைத்திருந்தால், வெளியூர்க்காரர்கள் நினைப்பதுதான் அது.

எங்களுக்கு அப்படியில்லை. கல்லில் எழுதியிருந்தது இது:

இங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்
வோல்டர் ஹெஸ்ஸலிங்க்
தபால்காரர், எதிர்ப்பு இயக்கத்தவர்
11 நவம்பர் 1944

வோல்டர் எங்கள் பேட்டைக்குத் தபால் கொடுத்தவர். ஜெர்மன் படை எங்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த அந்த வருடங்களில் ஜெர்மன் போலீசுக்கு உள்ளூர்க்காரர்கள் மொட்டைக் கடிதம் போடுவார்கள். இன்னார் பரணில் யூதக் குடும்பம் இருக்கிறது, இன்னார் மகன் வேலை முகாமுக்குப் போகாமல் ஒளிந்திருக்கிறான் என்று. தபால் பிரிக்கும் மேசையில் அந்த விலாசத்தைப் பார்த்தால் வோல்டர் உறையைக் காலணிக்குள் செருகிக்கொண்டு வந்துவிடுவார். கெண்டி ஆவியில் பிரித்துப் படித்து, சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்லிவிட்டு, அடுப்பில் போடுவார். இப்படி எத்தனை குடும்பம் தப்பியது என்று யாருக்கும் கணக்குத் தெரியாது.

இருபத்து மூன்றாம் எண் வீட்டுக்காரரும் கடிதம் போட்டவர்தான். நாலு போட்டார். ஒன்றுக்கும் பலனில்லை. அப்புறம் யோசித்தார், தெருவுக்கு வருகிற தபால் எவர் கை வழியாகப் போகிறது என்று. ஐந்தாவது கடிதம் எழுதவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு நேரே போலீசுக்கு நடந்துபோய் வாயாலேயே சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை காலை, தோளில் பையோடு, சொந்த வீட்டு வாசலில், பதினேழாம் எண்ணின் சுவரோடு நிறுத்தி வோல்டரைச் சுட்டார்கள். ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் உடலை எடுக்கக்கூடாது என்று உத்தரவு. காவலுக்கு ஒரு ஆள். தெருவே சுற்றி நடந்து போக வேண்டியிருந்தது.

காட்டிக்கொடுத்தவர் யுத்தத்துக்குப் பிறகு மூன்று வருடம் உள்ளே இருந்தார். திரும்பி அதே வீட்டுக்கு வந்தார். தோட்டத்தில் டேலியா வளர்த்தார். தெருவில் ஒருவரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை, டேலியா மட்டும் வாங்கினார்கள். என் அம்மாவும் வாங்கினாள். பெரிய பெரிய பூவாக இருக்கும்.

இப்போது அந்த வீட்டில் இருப்பவள் யோரீன், அவருடைய பேத்தி. ஐம்பத்து நாலு வயது. பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. நல்ல மாதிரிதான், ஆனால் தெருவில் யாருடைய பிறந்தநாளுக்கும் போய் உட்கார மாட்டாள். யாரும் கூப்பிடுவதும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, வோல்டரின் கல் அவரைக் காட்டிக்கொடுத்தவரின் வாசலில். நான் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்த அன்றைக்கே தெருவில் வேண்டியவர்களுக்கு எல்லாம் சொன்னேன். இரண்டு பேருக்கு மட்டும் சொல்லவில்லை. ஒருத்தி யோரீன். இன்னொருத்தி லம்மி.

லம்மி, வோல்டரின் மகள். அப்பா விழுந்தபோது இரண்டு வயது. இப்போது எண்பத்து மூன்று, பாலத்துக்கு அக்கரையில் அடுக்குமாடியில் இருக்கிறாள். அந்தக் கல்லைப் பதிக்க வைக்கவே நகராட்சியோடு நாலு வருடம் மல்லுக்கட்டியவள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் அல்ல, மோட்டார் வைத்த மிதிவண்டியில் வந்து, வினிகரும் துணியுமாகப் பித்தளையைப் பளபளப்பாக்கிவிட்டுப் போவாள். இந்தக் குளிர்காலம் இடுப்பெலும்பில் அறுவைச் சிகிச்சை, அதனால் வரவில்லை. ஏப்ரலில் வந்தாள்.

பதினேழாம் எண் வாசலில் வண்டியை நிறுத்தினாள். கீழே பார்த்தாள். வெறும் செங்கல். மணியை அடித்தாள். இப்போது அங்கே குடியிருக்கிற ஹார்ம் காலுறையோடு வந்து கதவைத் திறந்தான்.

"வாங்கம்மா, நடக்கறீங்களே, சந்தோஷம். காபி போடட்டுமா?"

"காபி இருக்கட்டும். என் அப்பா எங்கே?"

ஹார்ம் தலையைச் சொறிந்தான். இதில் விசேஷம் என்னவென்றால், அவனுக்குத் தொழிலே நடைபாதைக்குக் கல் பதிப்பதுதான்.

"நான் கவனிக்கலம்மா."

"ஊருக்கெல்லாம் கல்லு பதிக்கிறவன். உன் வாசல்ல ஒண்ணு மாறினா உனக்குத் தெரியாதா?"

"நகராட்சி வேலைதான் எடுத்துச் செய்யறேன். அவங்க போட்ட கல்லுல நான் கை வைக்க முடியுமா, சொல்லுங்க." மோவாயால் இருபத்து மூன்றாம் எண் பக்கம் காட்டினான். "அங்க இருக்கு."

எனக்கு அப்போது பார்த்து வாசலில் களை பிடுங்க வேண்டியிருந்தது. லம்மி மூன்று வீடு நடந்து போய், கல்லின் முன்னால் நின்று, நிமிர்ந்து அந்த வீட்டு எண்ணைப் பார்த்தாள். பிறகு, தெரு முழுவதும் கேட்கிற மாதிரி:

"என் அப்பாவை இந்த வீட்டுக்கு மிதியடியாப் போட்டிருக்காங்க!"

யோரீன் வீட்டு ஜன்னலில் ஒரு அசைவும் இல்லை. லம்மி என் பக்கம் திரும்பினாள்.

"ஃபெம்மி, அந்தக் களையை விடு. உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"பிப்ரவரி."

"எத்தனை பேருக்குச் சொன்னே?"

பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. "பதினோரு பேருக்கு."

"எனக்கு?"

கையில் இருந்த களையை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றேன். "உள்ள வா, நகராட்சிக்குப் போன் போடலாம்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள். மறுநாள் காலை அவளே மணியடித்து வந்து என் சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். காபி கொடுத்தேன், ஒரு பிஸ்கட் கொடுத்தேன், டப்பாவை மூடினேன். அவள் டப்பாவைத் திறந்து இன்னொன்று எடுத்தாள். சண்டைக்குத் தயார் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

நகராட்சியில் எடுத்த பெண் குரலில் தேன். போனை ஒலிபெருக்கியில் போட்டோம்.

"எங்க வரைபடத்துல அந்த நினைவுக்கல் இருபத்து மூணுலதான்மா இருக்கு. சரியாத்தான் இருக்கு."

"சரியா இல்லை. அது பதினேழுல இருக்கணும். என் அப்பா விழுந்தது பதினேழுல."

"கேபிள் வேலை முடிஞ்சப்போ வந்த படத்தை வெச்சு வரைபடத்தைத் திருத்தியிருக்காங்க. இப்போ இடம் மாத்தணும்னா விண்ணப்பம் போடணும். குழு பார்த்து, வரலாற்று ஆதாரம் சரிபார்த்து... பதினாலு வாரம் ஆகும்."

"மே நாலு நினைவு நாளுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. அன்னிக்கு நான் அந்தக் கல்லுகிட்ட நிக்கணும். அந்த வீட்டு வாசல்ல நிக்கமாட்டேன்."

"புரியுதும்மா. வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நடைமுறை அப்படி."

"ஆதாரம் கேக்கறியே, கல்லு மேலயே எழுதியிருக்கே, இங்கேன்னு."

"கல்லு எங்க இருந்தாலும் அப்படித்தானேம்மா எழுதியிருக்கும்."

லம்மி அந்தப் பதிலை மெல்ல மென்று பார்த்தாள். அந்தப் பெண் சொன்னதில் தப்பும் இல்லை, அதுதான் எரிச்சல். எனக்கு ஒரு யோசனை வந்தது. "நாமே ஒரு நாள் ஆள் பார்க்காத நேரமா எடுத்து வெச்சிடலாமே" என்று காதில் ஓதினேன். லம்மி போனைப் பொத்திக்கொண்டு என்னைக் கையமர்த்தினாள்.

"ஆள் பார்க்காத நேரமா வெச்சா வரைபடம் மாறுமா? அடுத்த தடவை எவனாவது குழாய் போட வருவான். வரைபடத்தைப் பார்த்துத் திரும்பவும் அங்கேயே கொண்டு வெப்பான். அப்போ நான் இருக்கமாட்டேன்." பிறகு போனுக்குள், அவளும் தேன் குரலில்: "ஏம்மா, சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். யாராவது அனுமதியில்லாம அந்தக் கல்லை எடுத்து வேற இடத்துல வெச்சா என்ன பண்ணுவீங்க?"

"எங்க ஆள் வந்து சம்பவ அறிக்கை எழுதுவாரும்மா. யாரு, எங்கேயிருந்து, எங்கே, என்ன காரணம்னு. அன்னிக்கே பதிவாயிடும்."

"வரைபடத்துல?"

"வரைபடத்தோட சேர்த்துத்தான். அறிக்கை ஒருதடவை ஏறினா அதை எடுக்க முடியாது."

"அப்போ அதுக்குப் பதினாலு வாரம் ஆகாது."

"இல்லைம்மா, அது தப்புச் செஞ்சவங்களுக்கு."

"ரொம்ப நன்றி" என்றாள் லம்மி. "நீ நல்லா இருக்கணும்."

மே இரண்டாம் தேதி சனிக்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் ஹார்ம் தன் வாசலில் ரப்பர் சுத்தியல், திருப்புளி, கரணை, ரசமட்டம், அரை வாளி மணல் எல்லாவற்றையும் பரப்பிவிட்டு, தெருவைப் பார்த்து உரக்கச் சொன்னான்: "என் சாமானை வெளியில மறந்து வெச்சிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு யாரும் தொட்டுடாதீங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தைரியம் என்பது ஆளுக்கு ஒரு அளவுதான், என்ன செய்வது.

பத்து மணிக்கு லம்மி வந்தாள். தேவாலயத்துக்குப் போடுகிற ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, நல்ல கோட்டு, அதன் மேல் தோட்ட வேலைக்கான ஏப்ரன். கையில் தாழ்வான முக்காலி ஒன்று. இடுப்பு டாக்டர் குனியவே கூடாது என்று சொல்லியிருந்தார். பதினேழாம் எண் சுவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, திருப்புளியைச் செங்கல் இடுக்கில் விட்டு நெம்ப ஆரம்பித்தாள். தெருவில் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் ஜன்னல் துடைக்கும் வேலை வந்தது. நான் பிளாஸ்கில் காபியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். லம்மியிடம் சொல்லாமல் விட்ட பிப்ரவரிக்கு நான் ஏதாவது ஈடு கொடுக்க வேண்டியிருந்தது.

செங்கல் அசையவில்லை. கேபிள்காரர்கள் மற்றதில் எப்படியோ, இதில் இறுக்கமாக அடித்திருந்தார்கள். திருப்புளி நழுவி லம்மியின் கட்டைவிரலில் கீறியது. ரத்தத்தை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு மறுபடி செருகினாள்.

இருபத்து மூன்றாம் எண் கதவு திறந்தது. யோரீன் வந்தாள். தெரு முழுக்க ஜன்னல் துடைப்பது நின்றது.

"நீ உள்ள போ" என்றாள் லம்மி, தலையைத் தூக்காமல். "ரெண்டரை மாசம் என் அப்பாவைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போனது போதும்."

"தாண்டிப் போகல. சைக்கிளைத் தூக்கிக்கிட்டுப் போனேன், தினமும், அது மேல சக்கரம் படக்கூடாதுன்னு."

இது உண்மை. நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதைப் பதினோரு பேருக்கும் சொன்னபோது, திமிர் பிடித்தவள், மிதிக்கக் கூசுகிறாள் என்று சேர்த்துச் சொன்னதும் நான்தான்.

"நகராட்சிக்கு மூணு கடிதம் போட்டேன்" என்றாள் யோரீன். "தப்பான இடத்துல இருக்கு, எடுத்துப் பதினேழுல வைங்கன்னு. பதில் வந்துச்சு, வரைபடத்துல சரியா இருக்குன்னு."

"உங்க வீட்ல கடிதம் போடறது பழக்கம்தானே."

எண்பது வருடமாக ஒருவரும் சொல்லாததை லம்மி முக்காலியில் உட்கார்ந்தபடி, திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு, அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டாள். யோரீன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. நான் அவள் கதவைப் பார்த்தேன், உள்ளே ஓடிவிடுவாள் என்று. அவள் ஓடவில்லை.

"ஆமா" என்றாள். "பழக்கம்தான். என் பேரைக் கீழ எழுதித்தான் போட்டேன். அதுதான் வித்தியாசம்." லம்மியின் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். "அப்படி நெம்பினா வராது. ரெண்டு பக்கமும் ஆட்டிவிட்டுத்தான் இழுக்கணும். குடுங்க."

"பல்லா இது?"

"பல்லை விட லேசு. கத்தாது."

லம்மி திருப்புளியைக் கையில் கொடுக்கவில்லை, தரையில் வைத்தாள். யோரீன் எடுத்துக்கொண்டாள். இடது பக்கம் இரண்டு ஆட்டு, வலது பக்கம் இரண்டு ஆட்டு, செங்கல் வந்துவிட்டது. பிறகு தன் வாசலுக்குப் போய் அதே மாதிரி பித்தளைக் கல்லையும் எடுத்தாள். தூக்கிக்கொண்டு வரப்போனவளை லம்மி தடுத்தாள்.

"அங்கேயே வை. நான் வரேன்."

புது இடுப்போடு மூன்று வீடு நடந்துபோய், கல்லைத் தானே குனிந்து எடுத்தாள். டாக்டர் பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார். கனம்தான், அடியில் சிமென்ட். மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். ஒருவரும் கைகொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் கடித்திருப்பாள்.

குழியில் வைத்தாள். யோரீன் சுத்தியலால் தட்டினாள். ஹார்ம் வீட்டு மாடி ஜன்னல் திறந்திருந்தது. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "நான் யார்கிட்டயும் பேசல. வானத்தைப் பார்த்துத்தான் சொல்றேன். கீழ மணல் பத்தாது."

மணல் போட்டார்கள். ரசமட்டம் வைத்தார்கள். "இடது பக்கம் ஒரு சென்டிமீட்டர்" என்றாள் லம்மி. யோரீன் தட்டினாள். "இன்னும் கொஞ்சம். போதும்." நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. யோரீனும் அதற்குக் காத்திருக்கவில்லை, எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் மிதிவண்டியில் நகராட்சிக் காவலர் வந்து இறங்கினார். இல்யாஸ் என்று சட்டையில் எழுதியிருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும், தாடி, பொறுமையான கண்.

"காலை வணக்கம். நடைபாதையைப் பெயர்க்கறதா புகார் வந்திருக்கு."

"வந்திருக்கும்" என்றாள் லம்மி. "நான்தான் குடுத்தேன். பத்தரைக்கு வரச் சொன்னேன், பத்தேமுக்காலுக்கு வர்றே."

இல்யாஸ் புகாரைப் படித்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படித்தார். "நீங்களே உங்க மேலயா?"

"வேற யார் மேல குடுப்பேன்? எழுது தம்பி. சம்பவ அறிக்கை. அடையாள அட்டை இந்தா."

"அம்மா, பாருங்க, எச்சரிக்கை மட்டும் குடுத்துட்டுப் போறேன். இதுக்கெல்லாம் அறிக்கை எதுக்கு?"

"எச்சரிக்கை வரைபடத்துல ஏறுமா?"

"ஏறாது."

"அப்போ எனக்கு வேணாம். நான் குத்தம் பண்ணியிருக்கேன். பட்டப்பகல்ல, இத்தனை பேர் பார்க்க. உன் வேலையை நீ செய்."

அவர் என்னைப் பார்த்தார், காப்பாற்றுங்கள் என்பதுபோல. நான் காபியை நீட்டினேன். ஒரு பெருமூச்சோடு டேப்லெட்டை எடுத்துச் சுவரில் சாய்ந்துகொண்டார். எங்கேயிருந்து எடுத்தது, இருபத்து மூன்று. எங்கே வைத்தது, பதினேழு. படம் இரண்டு. காரணம்.

"காரணத்தை நீங்க சொல்றபடியே எழுதணும். சொல்லுங்க."

லம்மி முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு சொன்னாள். வோல்டர் ஹெஸ்ஸலிங்க், தபால்காரர். காலணிக்குள் கடிதம். கெண்டி. பதினோராம் தேதி சனிக்கிழமை, காலை. இந்தச் சுவர். உத்தரவு, காவல், ஞாயிறு சாயங்காலம். "என் அம்மா இந்த ஜன்னலுக்குப் பின்னால என்னைத் தூக்கி வெச்சிருந்தா. என் முகத்தைத் தோள்ல அழுத்திக்கிட்டா. எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. அவர் விழுந்தது இங்கே. வேற எங்கேயும் இல்லை. எழுதிட்டியா?"

இல்யாஸ் எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "யாரு காட்டிக்கொடுத்தாங்கன்னு..."

"அது வேணாம்."

"வேணும்" என்றாள் யோரீன்.

லம்மி மெதுவாகத் திரும்பினாள். "உன்னை யார் கேட்டா?"

"யாரும் கேக்கலைங்கிறதுதான் சங்கதி. என் தாத்தா பேரை எழுதுங்க சார்."

"எழுதாதே தம்பி. என் அப்பா காகிதத்துல அந்த ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட இடமில்லை. வோல்டர் பேரைப் பதிக்க நாலு வருஷம் அலைஞ்சேன். அவன் பேரு ஓசியில ஏறணுமா?"

"நீங்க சொல்றது நியாயம். ஆனா நான் பதினஞ்சு வயசுல பள்ளிக்கூடத்துல ஒரு பொண்ணு சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியும். என்னைப் பார்த்தா சிரிப்பாங்க, வானிலையைப் பத்திப் பேசுவாங்க. ஒருத்தர்கூட என் முகத்துக்கு நேரா சொல்லல. இன்னிக்கு நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க." அவள் தெருவின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "மூடி வெச்சா அது அவருக்குத்தான் லாபம். எண்பது வருஷமா சேர்ந்த அந்த லாபத்துலதான் அவர் வீட்ல நான் குடியிருக்கேன். எனக்கு அது போதும்."

ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் துணியைப் பார்த்தார்கள். நானும் பிளாஸ்கின் மூடியைப் பார்த்தேன். என் அம்மாவின் டேலியா ஜாடி இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

"அது உன் பாரம்" என்றாள் லம்மி. "உனக்கு இறக்கணும்னா உன் காகிதத்துல இறக்கு. என்னுதுல இல்லை."

இல்யாஸ் தொண்டையைக் கனைத்தார். "சாட்சி வாக்குமூலம்னு தனியா ஒரு பக்கம் இருக்கு. அதுலயும் சொல்றபடியே எழுதணும்."

"அப்போ நான் சாட்சி" என்றாள் யோரீன்.

"எதுக்குச் சாட்சி? நீயே கல்லை எடுத்திருக்கே" என்றாள் லம்மி.

"சரி, நானும் குத்தவாளி. ரெண்டு பக்கம் எழுதுங்க."

அவர் எழுதினார். யோரீன் தாத்தாவின் பெயரை முழுசாகச் சொன்னாள், பிறந்த தேதியோடு. நாலு கடிதம், பிறகு கோட்டு, பிறகு நடந்து போனது. எல்லாவற்றையும் நின்றுகொண்டு சொன்னாள், தெருவைப் பார்த்து. லம்மி அந்த நேரம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு பித்தளையை வினிகரால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரை நானும் இங்கே எழுதவில்லை. இது லம்மியின் காகிதம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றால் நகராட்சியில் போய்ப் பாருங்கள், இரண்டாம் பக்கம், எல்லோரும் பார்க்கலாம்.

கையெழுத்துப் போடும்போது லம்மி கேட்டாள்: "இப்போ வரைபடம்?"

இல்யாஸ் விரலால் ஒரு தட்டு தட்டி, திரையை அவள் பக்கம் திருப்பினார். எங்கள் தெரு. சின்னப் புள்ளி ஒன்று, பதினேழின் மேல்.

"பெரிசாக்கு."

பெரிதாக்கினார்.

"சரி. இனிமே இதை எடுக்கணும்னா?"

"இடமாற்ற விண்ணப்பம் போடணும்மா. பதினாலு வாரம்."

"போடட்டும்" என்றாள் லம்மி. "போடறவன் வரட்டும், பார்க்கறேன்."

திங்கட்கிழமை, மே நாலு, யுத்தத்தில் இறந்தவர்களை நினைக்கிற நாள். ஊரில் எல்லோரும் தேவாலயத் திடலுக்குப் போவார்கள், மாலை வைப்பார்கள். எங்கள் தெருவில் வழக்கமாக லம்மி ஒருத்திதான் நிற்பாள், துணைக்கு நான் ஜன்னலில். இந்த வருடம் நான் கீழே இறங்கிப் போனேன். ஹார்ம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, முன்கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, தன் வாசலிலேயே நின்றான். அவனுக்கு அதுவே பெரிய துணிச்சல். பிப்ரவரியில் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பதினோரு பேரும் வந்திருந்தார்கள். கண்ணைப் பார்க்கவில்லை, ஆனால் வந்திருந்தார்கள்.

யோரீன் வரவில்லை. தன் வாசலிலேயே நின்றாள், மூன்று வீடு தள்ளி. அவள் வீட்டில் கொடி பறந்தது, அரைக் கம்பத்தில். அந்த வீட்டில் இந்த நாளில் கொடி ஏறி நான் பார்த்ததில்லை, என் அம்மாவும் பார்த்ததில்லை. கொடித்துணி புதிது, கடையில் மடித்த மடிப்புகூட இன்னும் போகவில்லை.

சாயங்காலம் எட்டு மணிக்கு, எங்கள் ஊரில் மே மாதம் அப்போதும் வெளிச்சம்தான், திடலில் எக்காளம் நின்றது. ஊர் முழுக்க இரண்டு நிமிட மௌனம். எங்கேயோ ஒரு நாய் குரைத்தது, யாரோ அதட்டினார்கள். லம்மி கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றாள். அழவில்லை. கட்டைவிரலில் பிளாஸ்திரி.

முடிந்ததும் ஒருவரிடமும் பேசாமல் மிதிவண்டியில் ஏறினாள். பாலத்துக்குப் போகிற வழி இருபத்து மூன்றாம் எண்ணைத் தாண்டித்தான். வேறு பக்கமாகச் சுற்றிப் போவாள் என்று நினைத்தேன். நேராகத்தான் போனாள். அந்த வாசலில் ஒரு காலைத் தரையில் ஊன்றி நிறுத்தி, கொடியை மேலும் கீழும் பார்த்தாள், சரியாகக் கட்டியிருக்கிறதா என்று.

"சூரியன் மறையறதுக்குள்ள இறக்கிடணும்" என்றாள். "விதி."

"தெரியும்" என்றாள் யோரீன். "ஒரு நிமிஷம் முன்னாடியும் இறக்கமாட்டேன்."